ஃபைபர் நெட் இழுக்கிறதா? முதலில் இந்த எண்களைப் பாருங்கள்

சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் பல தெருக்களில் ஃபைபர் ஒயர் கம்பத்துக்குக் கம்பம், மாடிக்கு மாடி தொங்கித்தான் வீட்டுக்கு வருகிறது. நெட் மெதுவாகி இழுத்தால் உடனே போன் போடாமல், ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் (பிரவுசரில் பெரும்பாலும் 192.168.1.1 என்று அடித்தால் வரும்) ஆப்டிகல் ரிசீவ் பவரை, அதாவது ஒயர் வழியாக வந்து சேரும் ஒளியின் அளவைப் பாருங்கள். ஜிபான் என்ற வகை வீட்டு ஃபைபர் இணைப்புகளில் பொதுவாக −8 முதல் −27 டிபிஎம் (ஒளியின் அளவைச் சொல்லும் டெசிபல் கணக்கு) வரை தாங்கும். −20 பக்கம் இருந்தால் நிம்மதி. −27ஐ நெருங்கினால் அடிக்கடி அறுபடும். 3 டெசிபல் குறைந்தாலே ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் அதே செட்டிங்ஸில் டிராஃபிக் கணக்கு, அதாவது வந்துபோன டேட்டாவின் கணக்கு. சிஆர்சி பிழை (வழியில் கெட்டுப்போன டேட்டாவின் எண்ணிக்கை) ஆயிரக்கணக்கில் இருந்தாலும் பதறாதீர்கள், அது பல நாளாகச் சேர்ந்ததாக இருக்கலாம். எண்ணைக் குறித்துக்கொண்டு பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறிக்கொண்டே போனால்தான் கோளாறு. எஃப்இசி (பிழையைத் தானே திருத்தும் முறை) பகுதியில் சரிசெய்யப்பட்டவை கொஞ்சம் இருக்கலாம், பரவாயில்லை. சரிசெய்ய முடியாதவை ஏறக் கூடாது. பவரும் சரி, பிழையும் இல்லை, பைட் எண்ணிக்கை (டேட்டாவின் அளவு) மட்டும் எகிறுகிறது என்றால் லைனில் குறையில்லை. வீட்டில் யாரோ பெரிய டவுன்லோடு போட்டிருக்கிறார்கள்.

பவர் குறைந்திருந்தால் ஒயர் ஜன்னல் இடுக்கிலோ பீரோவுக்குப் பின்னாலோ நசுங்கி மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மடிப்பை எடுத்துவிட்டாலே பல நேரம் சரியாகிவிடும். ஆனால் ஒயரைக் கழற்றி அதன் முனையைக் கண்ணால் பார்க்கவே கூடாது. லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் கண்ணைக் கெடுக்கலாம்.

அப்படியும் தீராவிட்டால் இரண்டு முறை எடுத்த எண்களையும் போட்டோ எடுத்து லைன்மேனுக்கு அனுப்புங்கள். "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற பதிலோடு பேச்சு முடியாது.