இரண்டு மண்டலம், ஒரு கிரிவலம்: எடை குறைக்கத் தொடங்குகிறவர்களுக்கு

முதல் தடவை திருவண்ணாமலையில் கிரிவலம் போனபோது எனக்கு 41 வயது, எடை 82 கிலோ. ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு உற்சாகமாகத்தான் கிளம்பினேன். மலையைச் சுற்றும் பாதையில் வருகிற எட்டு லிங்கங்களில் மூன்றாவதான எம லிங்கம் வருவதற்குள் கால் கடுக்க ஆரம்பித்தது. வருண லிங்கத்துக்குப் பக்கத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. பௌர்ணமி இல்லாத சாதாரண நாள் என்பதால் ஆட்டோ கிடைத்தது. கூட வந்த என் அத்தைக்கு, அதாவது கணவரின் அம்மாவுக்கு, அப்போது 67 வயது. "நீ ஆட்டோல போம்மா, நான் மீதி லிங்கத்தையும் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, கிளம்பிய அதே வேகத்தில் நடந்து போனார்.

அத்தை உடற்பயிற்சி என்று எதையும் செய்தவர் இல்லை. சாயங்காலம் விளக்கேற்றியதும் ஊர்ச் சிவன் கோயிலுக்கு நடந்து போய், மூன்று சுற்று சுற்றிவிட்டு வருவார். நாற்பது வருடமாக அதே பழக்கம். மழை நாளில் குடையோடு போவார். எடை குறைக்க நான் எத்தனையோ தடவை முயன்று, பாதியில் விட்டிருக்கிறேன். என்னிடம் இல்லாதது இந்த நியமம்தான் என்று அன்று ஆட்டோவில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. அதன் பிறகு நான் செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ நடந்து போக நினைக்கிறவர்களும் இதே முறையை எடுத்துக்கொள்ளலாம், தூரம்தான் மாறும்.

படி 1: வேண்டுதலைச் சரியாக வையுங்கள்

நம் வீடுகளில் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி படத்தின் முன்னால் வைப்போம். அதேபோல ஒரு காசு முடிந்து வையுங்கள். ஆனால் "பத்து கிலோ குறைந்தால் கிரிவலம் வருகிறேன்" என்று வேண்டிக்கொள்ளாதீர்கள். நான் முன்பு அப்படித்தான் வேண்டினேன். எடை மெஷின் முள் நகராத வாரங்களில் மனம் விட்டுப்போய், நடையும் நின்றுவிடும்.

எடை நம் கையில் முழுதாக இல்லை. உப்பு கூடினால், தூக்கம் கெட்டால், மாதவிலக்கு நெருங்கினால் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். நடப்பது நம் கையில் இருக்கிறது. அதனால் வேண்டுதல் இப்படி இருக்கட்டும்: "இரண்டு மண்டலம், 96 நாள், தினமும் விளக்கேற்றியதும் நடப்பேன். முடிவில் உன் மலையைச் சுற்றி வருவேன்." செயலை மட்டும் வாக்காகக் கொடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மண்டலம் 48 நாள். காலண்டரில் தொடக்க நாளையும், 48ஆம் நாளையும், 96ஆம் நாளையும் வட்டமிடுங்கள்.

படி 2: அளந்து எழுதுங்கள்

தொடங்கும் நாள் காலையில் வெறும் வயிற்றில் எடையைப் பாருங்கள். தையல் டேப்பால் தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளந்து எழுதுங்கள். இந்தியர்களுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு வாரத்துக்கு ஒரு நாள், ஒரே கிழமையில் எடை பார்த்தால் போதும்.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, மூட்டுத் தேய்மானம் இருப்பவர்கள் இந்த 96 நாள் திட்டத்தை முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் நல்ல வேகம். மொத்த எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் மாற்றம் தெரியத் தொடங்கும். 80 கிலோ உள்ளவருக்கு அது வெறும் 4 கிலோ.

படி 3: முதல் மண்டலம், விளக்கும் நடையும்

புதுப் பழக்கத்தைப் பழைய பழக்கத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். சாயங்காலம் விளக்கேற்றுவது பெரும்பாலான வீடுகளில் தானாக நடக்கிற காரியம். விளக்கேற்றி, கும்பிட்டு, அப்படியே வாசலைத் தாண்டி இறங்கிவிடுங்கள். இடையில் சோபாவில் உட்கார்ந்தால் கதை முடிந்தது. காலையில் விளக்கேற்றுகிற வீடாக இருந்தால் காலையிலேயே நடக்கலாம்.

எங்கே நடப்பது? பக்கத்தில் பிராகாரம் உள்ள கோயில் இருந்தால் அதுவே நல்ல இடம். வண்டி வராது, நாய் துரத்தாது, தரை சமமாக இருக்கும். ஒரு சுற்று எவ்வளவு தூரம் என்று போனில் ஒரு தடவை அளந்து வைத்துக்கொண்டால், அப்புறம் சுற்றை எண்ணினால் போதும். நான் சுற்றிக்கொண்டே நூற்றெட்டுப் போற்றியை முணுமுணுத்துப் பார்த்தேன், மூச்சு வாங்கியது. ஒவ்வொரு அடிக்கும் "நமசிவாய" என்று மனசுக்குள் சொல்வது எனக்கு ஒத்து வந்தது. கோயில் இல்லாவிட்டால் தெருவே போதும்.

முதல் 10 நாள் 20 நிமிடம். அடுத்த இரண்டு வாரம் 30 நிமிடம். 25ஆம் நாளிலிருந்து 40 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. மூன்றாவது வாரத்துக்குள் நீங்கள் அதைத் தாண்டிவிடுவீர்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் மண்டலத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விரத முறையில் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு, ஆனால் நமக்கு அது விட்டுவிட ஒரு சாக்காக மாறிவிடும். மறுநாள் விளக்கேற்றியதும் நடங்கள். காய்ச்சல் வந்த மூன்று நாள் நான் விளக்கை ஏற்றிவிட்டு, வாசல் வரை போய் நின்றுவிட்டு வந்தேன். அதையும் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

படி 4: தட்டு

ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். 80 கிலோ எடையுள்ளவர் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை முழுதாக நடந்தால் செலவாவது ஏறத்தாழ 700 முதல் 800 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. அப்படியானால் ஒரு கிரிவலத்தில் கரைவது 100 கிராம். வழியில் இரண்டு தட்டு பஜ்ஜியும் கரும்புச் சாறும் சாப்பிட்டால் அதுவும் இல்லை. நடை உடம்பைத் திடப்படுத்தும், மனதைத் தேற்றும், குறைந்த எடையைத் திரும்ப ஏறாமல் பிடித்து வைக்கும். எடை குறைவது பெரும்பாலும் சமையலறையில்தான்.

முதலில் டீ, காபி. ஒரு நாளைக்கு நான்கு டம்ளர், டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் வாரத்துக்குச் சுமார் 900 கலோரி. நீங்கள் வாரம் முழுதும் 40 நிமிடம் நடந்து செலவழிப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வாரத்துக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். நாட்டுச் சர்க்கரைக்கு மாறினால் எடை குறையும் என்பதை நம்பாதீர்கள், கலோரி ஏறக்குறைய ஒன்றுதான்.

அடுத்தது எண்ணெய். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 2 லிட்டர் என்று வாங்கி வைத்துக்கொண்டு அதற்குள் சமையுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேலே வரும், தாளிக்கவும் வதக்கவும் அது போதும். அப்பளத்தைச் சுட்டுக்கொள்ளலாம்.

பிறகு சாப்பிடும் முறை. சமைத்ததும் காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு, அல்லது சாமிக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதை விடாதீர்கள், விட்டிருந்தால் திரும்பக் கொண்டுவாருங்கள். அடுப்படியில் நின்றபடி அள்ளிப் போட்டுக்கொள்வது அதோடு குறையும். எனக்கு அதில்தான் பாதி சாப்பாடு உள்ளே போய்க்கொண்டிருந்தது. படைப்பதற்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாது என்று அத்தை சொல்வதில் இப்படி ஒரு நன்மை இருக்கிறது.

தட்டில் பாதிக்குக் காய், கீரை, கூட்டு. கால் பங்கு சோறு. கால் பங்கு கெட்டிப் பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ, அவரவர் வழக்கப்படி. முதலில் காயிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் தடவை வேண்டுமென்றால் காயும் ரசமும் போட்டுக்கொள்ளலாம், சோறு வேண்டாம். தினைக்கும் வரகுக்கும் மாறுகிறவர்கள் மாறலாம், ஆனால் அளவு அதேதான். "சிறுதானியம்தானே" என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் பயன் இல்லை.

கோயில் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது, சொல்லவும் வேண்டாம். சர்க்கரைப் பொங்கலை உள்ளங்கையில் ஒரு வாய் வாங்கிக் கண்ணில் ஒற்றிச் சாப்பிடுங்கள். தொன்னை நிறைய வாங்கினால் பகிர்ந்து கொடுங்கள்.

படி 5: விரதம்

இதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். திங்கட்கிழமை விரதம் என்று பகல் முழுதும் பட்டினி கிடந்துவிட்டு, ராத்திரி பலகாரம் என்ற பெயரில் ஐந்து தோசை, கேசரி, ஜவ்வரிசி வடை. சோறு சாப்பிடவில்லை என்ற திருப்தி மட்டும் மிஞ்சும், எடை ஏறும்.

வாரத்தில் ஒரே ஒரு நாள் தேர்ந்தெடுங்கள். காலையில் பழமும் மோரும். மதியம் மேலே சொன்ன மாதிரி ஒரு வேளைச் சாப்பாடு. சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல். ராத்திரி வேண்டுமானால் ஒரு டம்ளர் பால். தண்ணீர் நிறைய. அவ்வளவுதான். மறுநாள் "விரதம் முடிந்தது" என்று விருந்து வைக்காதீர்கள். ஏகாதசி இருப்பவர்கள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் சேர்க்கிறார்களே, அந்த எளிமை நமக்கும் வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூடத் தவிர்க்கக் கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், அல்சர் உள்ளவர்கள் விரதத்தை விட்டுவிடுங்கள். அன்றைக்கு இனிப்பையும் பொரித்ததையும் மட்டும் ஒதுக்கினால் போதும், அதுவும் சாமிக்குப் போய்ச் சேரும் என்றுதான் நான் நம்புகிறேன்.

படி 6: இரண்டாம் மண்டலம், தூரம்

வாரத்தில் ஐந்து நாள் பழையபடி 40, 45 நிமிடம். ஒரு நாள் ஓய்வு. ஓய்வு நாளில் விளக்கேற்றி, வாசலில் இரண்டு நிமிடம் நடந்தால் வாக்குத் தவறாது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் நெடுநடை: முதல் வாரம் 5 கிலோமீட்டர், பிறகு 6, 7. நான்காவது வாரம் மறுபடியும் 5, உடம்பு தேறிக்கொள்ள. பிறகு 8, 9, 10. இளைப்பாறி இளைப்பாறி 10 நடக்க முடிந்தவரால் 14 முடியும்.

கிரிவலத்தை வெறுங்காலில் நடப்பதுதான் வழக்கம். அதற்குப் பாதம் பழக வேண்டும். இந்த மண்டலத்தில் தினமும் கடைசி ஐந்து நிமிடம் கல்லில்லாத இடத்தில் வெறுங்காலில் நடந்து, மெல்ல மெல்லக் கூட்டுங்கள். சர்க்கரையால் பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே வேண்டாம். சின்னக் கல் குத்தியதுகூடத் தெரியாமல் புண்ணாகிவிடும். மெத்தென்ற செருப்போடு சுற்றினால் அருணாசலர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

படி 7: மலையைச் சுற்றும் நாள்

முதல் தடவைக்குப் பௌர்ணமி வேண்டாம். கூட்டத்தில் நம் வேகத்தில் நடக்க முடியாது, உட்கார இடம் கிடைக்காது. சாதாரண நாளில், வெயில் தாழ்ந்து தரை குளிர்ந்த பிறகு தொடங்குங்கள். இரண்டு மணி நேரம் முன்னால் மூன்று இட்லி, சாம்பார். கையில் ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் வேர்க்கடலை.

மலை உங்களுக்கு வலப்பக்கம் இருக்கும். சாலையின் இடப்பக்கமாக நடப்பது முறை, மலையோரம் சித்தர்கள் நடக்கிறார்கள் என்பது நம்பிக்கை. இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம் என்று எட்டு லிங்கங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் உட்காருங்கள், அதுவே ஓய்வு. நிறைமாதக் கர்ப்பிணியான ஒரு ராணி நடப்பதுபோல அவ்வளவு நிதானமாக மலையைச் சுற்ற வேண்டும் என்று ரமண மகரிஷி சொன்னதாக அவருடைய பக்தர்கள் சொல்வார்கள். நான்கைந்து மணி நேரம் ஆகும். நெஞ்சு வலியோ, தலைச்சுற்றலோ, கூர்மையான மூட்டு வலியோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆட்டோ ஏறுங்கள். நானும் ஏறியவள்தான்.

இரண்டாவது தடவை போனபோது என் எடை 76. வருண லிங்கத்தில் விபூதி வாங்கிக்கொண்டு நிற்காமல் நடந்தேன். குபேர லிங்கத்துக்கு அப்புறம் பாதம் எரிந்தது, அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். ராஜகோபுரம் தெரிந்ததும் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. உள்ளே போய் மஞ்சள் துணியை அவிழ்த்துக் காசை உண்டியலில் போட்டேன். வீடு திரும்பிய அன்று சாயங்காலம் கால் வலியோடுதான் விளக்கேற்றினேன். ஏற்றிவிட்டுத் தெருமுனை வரை போய்விட்டு வந்தேன்.