ஜாஸ் ஆல்பம் ஒலிப்பதிவு: ஸ்டூடியோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாப், ராக் பதிவுகளில் கை பழகிய இன்ஜினியரிடம் ஒரு ஜாஸ் குழு வந்தால், டிரம்ஸ் ஓர் அறை, பாஸ் இன்னோர் அறை, பியானோ மூன்றாவது அறை என்று ஆளுக்கொரு பக்கம் பிரித்துவிடுவார். ஒரு மைக்கில் இன்னொரு வாத்தியம் கசியக் கூடாது என்பது அவர் கணக்கு. பெரும்பாலான கோளாறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. சாக்ஸ் தணியும்போது டிரம்மர் ஸ்டிக்கை வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுப்பது, பக்கத்தில் இருப்பவரைக் கேட்டும் பார்த்தும் நடப்பது. ஹெட்போனில் மட்டுமே கேட்டால் ஒவ்வொருவரும் "என் சத்தத்தைக் கொஞ்சம் ஏத்துங்க" என்பார்கள். அப்புறம் யாரும் மெதுவாக வாசிக்கவே மாட்டார்கள்.

நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தம் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில்தான் ஜாஸ் இசைத்தட்டு நிறுவனமான புளூ நோட்டின் 1950களின் ஆல்பங்களைப் பதிவு செய்தார். 1959-இல் எங்கல்வுட் கிளிஃப்ஸில் உயர்ந்த கூரையோடு கட்டிய ஸ்டூடியோவிலும் குழு சேர்ந்து வாசிக்க, நேரடியாக இரண்டு டிராக்கில் ஏற்றினார். பிறகு மிக்ஸிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்ற வசதி இல்லாததால், சமநிலை பதிவாகும்போதே அமைந்தாக வேண்டியிருந்தது.

ஆகவே கசிவை ஒழிக்கப் பார்க்காதீர்கள். கசிவது நன்றாக ஒலிக்கிறதா என்று பாருங்கள். கலைஞர்களை இரண்டு, இரண்டரை மீட்டர் இடைவெளியில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி அரைவட்டமாக அமர்த்துங்கள். நடுவே தடுப்புப் பலகை வைத்தால் அது கண்மட்டத்துக்குக் கீழே நிற்கட்டும். முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் எட்டு வடிவ மைக்குக்கு இரு பக்கவாட்டிலும் காது கேட்காது. அந்தப் பக்கத்தை டிரம்ஸ் நோக்கித் திருப்பினாலே பாதி வேலை முடிந்தது. முன்பக்கத்தையே முதன்மையாகக் கேட்கும் கார்டியாய்டு வகையில், மலிவான மைக்குகளில் பக்கவாட்டிலிருந்து நுழையும் சிம்பல் மங்கியும் கரகரத்தும் விழும். ஈக்யூவில் அலைவரிசைகளை எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் அது போகாது. இரண்டு மைக்குகளின் இடைவெளி, மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும்.

அதிகம் பாழாவது டபுள் பாஸ். வாத்தியத்தின் அதிர்வை நேராக மின்குறியாக்கும் பிக்கப்பின் கம்பியை மட்டும் நம்பினால் ரப்பர் பேண்டை இழுத்துவிட்டது போன்ற ஒலிதான் கிடைக்கும். அழுத்தத்தை மின்குறியாக்கும் பீசோ வகைப் பிக்கப்பின் குணம் அது. தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு முன்னால் 20 முதல் 40 செ.மீ. தூரத்தில் ஒரு நல்ல மைக் அவசியம். ஆனால் இரண்டையும் அப்படியே கலந்தால் வேறு சிக்கல் வரும். 30 செ.மீ. கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 0.9 மில்லிசெகண்டு ஆகிறது. இரண்டும் சம அளவில் சேரும்போது 550 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும்; பாஸின் உடம்பே காணாமல் போனது போலிருக்கும். பிக்கப் டிராக்கை அந்த அளவு பின்னுக்குத் தள்ளுங்கள். பிறகு பொலாரிட்டியை (அலையின் மேல்-கீழ் திசையை) மாற்றிப் பார்த்து, அடி கனமாகக் கேட்கும் நிலையில் விடுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் போடும் பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். திறந்த ஈ தந்தியின் அடிப்படை அதிர்வே 41 ஹெர்ட்ஸ்தான்.

சாக்ஸின் விரிந்த வாய்க்குள் (பெல்) மைக்கை நுழைப்பது இன்னொரு வழக்கம். மேடையில் சரி, ஸ்டூடியோவில் கூடாது. கீழ்சுரங்கள்தான் அந்த வாய்வழியே முழுதாக வருகின்றன. மற்றவை திறந்திருக்கும் துளைகளிலிருந்து வெளிப்படுகின்றன. மைக் 40 முதல் 60 செ.மீ. தள்ளி, வாய்க்கு மேலே, சாவிகளின் நடுப்பகுதியைப் பார்க்கட்டும். டிரம்பெட்டுக்கு, மெல்லிய உலோகப் பட்டையால் ஒலி பிடிக்கும் ரிப்பன் மைக் அருமையாகப் பொருந்தும், முக்கால் மீட்டராவது தள்ளி. பழைய ரிப்பன் மைக் இணைத்த சேனலில், கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரமான ஃபாண்டம் பவரை அணைத்துவிடுங்கள்: கேபிளில் ஒரு கம்பி ஷார்ட்டாக இருந்தாலும் ரிப்பன் இழுபட்டுவிடும். டிரம்பெட்டின் வாயில் செருகி ஒலியை அடக்கும் ஹார்மன் மியூட் மாட்டிய பாட்டுக்கு கெயினை (மைக் ஒலியின் பெருக்கத்தை) ஏற்ற வேண்டாம். கலைஞரையே மைக்குக்கு நெருங்கி வரச் சொல்லுங்கள், மியூட்டை எடுத்ததும் பின்னால் போகவும் சொல்லுங்கள்.

ஜாஸ் பேஸ் டிரம் பெரும்பாலும் 18 அங்குலம். இருபுறமும் தோல் இருக்கும், மைக் நுழைக்க ஓட்டை இருக்காது. அது சுருதியோடு ஒலிக்க வேண்டிய வாத்தியம். உள்ளே தலையணை திணித்து "தப்" என்று அடக்கிவிட்டால் அது வேறு இசைக்குப் போய்விடும். டிரம்ஸின் முழு உருவத்தை மேலே நிற்கும் ஓவர்ஹெட் மைக்குகளே தரட்டும். இரண்டும் ஸ்நேர் டிரம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று கயிறு பிடித்து அளந்துவிடுங்கள்.

பியானோவைப் பதிவன்று காலையிலேயே ட்யூன் செய்ய வேண்டும். முந்தைய இரவே ஏசி ஓடியிருக்க வேண்டும், அறையின் வெப்பம் மாறினால் சுருதி நகரும். உலோகப் பட்டைகளை அடித்து வாசிக்கும் வைப்ரஃபோனும் இருந்தால் அதன் சுருதியை முன்பே கேளுங்கள். பல வைப்ரஃபோன்களில் 'ஏ' சுரம் வழக்கமான 440 அல்ல, 442 ஹெர்ட்ஸில் வருகிறது. அதை மாற்ற முடியாது, பியானோவைத்தான் அதற்கேற்ப ட்யூன் செய்ய வேண்டும்.

சவுண்ட் செக்கில் எல்லாரும் அடக்கியே வாசிப்பார்கள்; பதிவில் சத்தம் ஏறும், அதற்கு இடம் விடுங்கள். 24 பிட்டில் உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் விட்டால் போதும். ஒத்திகையையும் பதிவில் ஓட விடுங்கள், சிறந்த சோலோ அதில் வந்துவிடுவது புதிதல்ல. அதே பாட்டை ஆறாவது, ஏழாவது டேக்குக்கு இழுக்காதீர்கள். தவறுகள் குறையும், ஆனால் சோலோவில் புதிதாக எதுவும் பிறக்காது. அடுத்த பாட்டுக்குப் போய்விட்டு மாலையில் திரும்பி வருவது மேல். கசிவோடு பதிவான சோலோவில் இரண்டு சுரத்தை மட்டும் மாற்றிச் செருக முடியாது. இரண்டு டேக்குகளை ஒட்டும்போது முழுக் குழுவையும் ஒரே இடத்தில் வெட்டி ஒட்ட வேண்டும். அதனால் டேக்குகளின் வேகம் ஒத்திருக்கிறதா என்று அன்றே குறித்துவைப்பது நல்லது.

கடைசியாக, கருவியின் வேகம். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்துக்கான 1959 மார்ச் 2 பதிவில் பிரதான டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அதனால் முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் இசைத்தட்டில் சுருதி ஏறி ஒலித்தன. 1990களில்தான், கூடவே ஓடிய மாற்று இயந்திரத்தின் டேப்பைக் கொண்டு அதைத் திருத்தினார்கள். இன்று டேப் இல்லை, ஆனால் 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தில் பதிவானது 44.1 என்று தவறாகத் திறக்கப்பட்டால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கிவிடும். இரண்டு கருவிகளை டிஜிட்டலாக இணைக்கும்போது மாதிரி வேகத்தை நிர்ணயிக்கும் க்ளாக் எதிலிருந்து வருகிறது என்று பார்த்து, முதல் டேக்குக்கு முன் பியானோவின் 'ஏ'யைப் பதிவு செய்து, திரும்ப ஓட்டி ட்யூனரில் சரிபாருங்கள். ஒரு நிமிட வேலை. இரண்டாவது இயந்திரத்திலும் ஒரு பிரதி ஓடட்டும்.