கடைசி எக்ஸிட்டைத் தவறவிட்டால்: அமெரிக்க எல்லை நகரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சான் டியேகோவிலிருந்து ஐ-5 ஃப்ரீவேயில் தெற்கே போனால், சாலை முடிகிற இடத்தில் நாடும் முடிந்துவிடும். அதற்குச் சற்று முன்னால் ஐ-805 வந்து சேர்கிறது. இரண்டும் சேர்ந்த கொஞ்ச தூரத்திலேயே ‘அமெரிக்காவின் கடைசி எக்ஸிட்’ என்று பலகை வந்துவிடும். அந்த எக்ஸிட்டின் பெயர் கமீனோ டி லா பிளாசா. எல்லையை ஒட்டி இருக்கும் லாஸ் அமெரிக்காஸ் அவுட்லெட் மாலுக்கும் அதுதான் வழி. துணி வாங்கக் கிளம்பியவர்கள் மெக்சிகோவின் டிஹுவானாவில் போய் விழிப்பது இந்த ஒரு எக்ஸிட்டைத் தவறவிடுவதால்தான்.

ஃப்ரீவே வேகத்தில் வரும்போது, ஜிபிஎஸ் சொன்ன பிறகு லேன் மாற்றக் கிடைப்பது சில நொடிகள்தான். பக்கத்தில் ஒரு லாரி வந்தால் அதுவும் போச்சு. ஆகவே இரண்டு ஃப்ரீவேக்களும் சேர்ந்த உடனே வலது ஓர லேனுக்கு வந்துவிடுங்கள். தவறிவிட்டால் யூ-டர்ன் கிடையாது. பின்னால் எடுக்கவும் முயலாதீர்கள். மெக்சிகோ சுங்கத்தைக் கடந்து, டிஹுவானா தெருக்களில் சுற்றி, வடக்கே திரும்பும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இந்த எல்லை வாசலின் பெயர் சான் இசிட்ரோ, உலகிலேயே நெரிசல் மிகுந்த தரைவழி எல்லைகளில் ஒன்று. மணிக்கணக்கில் காத்திருக்க நேரும்.

அந்த வரிசையில் இரண்டாவது தவறும் காத்திருக்கிறது. ஓரமாகச் சில லேன்கள் காலியாக நகர்வது கண்ணில் படும். அவை முன்கூட்டியே சோதித்துத் தரப்படும் சென்ட்ரி என்ற அனுமதி அட்டை வைத்திருப்பவர்களுக்கானவை. அட்டை இல்லாமல் நுழைந்தால் அபராதம், கூடவே தனி விசாரணை. இன்னொன்று, அமெரிக்காவில் எடுத்த கார் இன்ஷூரன்ஸை மெக்சிகோ ஏற்பதில்லை. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவும் எல்லை தாண்டுவதைத் தடை செய்கின்றன. டிஹுவானாவைப் பார்க்கவேண்டும் என்றே ஆசை என்றால், காரை இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். சான் டியேகோ டிராலியின் நீல வழி எல்லை வாசலில் கொண்டுவந்து விடும்.

டெட்ராய்ட்டிலும் இதே கதைதான், திசைதான் வேறு. கனடா என்றால் வடக்கு என்று மனத்தில் பதிந்திருக்கும். ஆனால் டெட்ராய்ட்டுக்கு நேர் தெற்கே, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது கனடாவின் வின்ட்சர். ‘தெற்கேதானே போகிறோம், பயமில்லை’ என்று ஐ-75-இல் வருகிறவர், ‘கனடா பாலம்’ என்ற பலகையைக் கவனிக்காமல் 1929-இல் கட்டிய அம்பாசடர் பாலத்தின் ஏறுபாதைக்குள் போய்விடுகிறார். பாலத்தில் ஏறுமுன் தெரிந்துகொண்டால் டோல் ஊழியரிடம் சொல்லித் திரும்பலாம். ஆனால் திரும்பும் பாதையும் அமெரிக்கச் சுங்கச் சாவடி வழியாகத்தான் வரும், கேள்விகள் உண்டு. விசாவில் இருப்பவர்கள் இந்த ஊரில் ஜிபிஎஸ் காட்டும் வழியைக் கிளம்புமுன் ஒருமுறை பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. (வேடிக்கை என்னவென்றால், நாட்டுக்குள் நுழைந்ததையும் எந்தத் தேதிவரை தங்கலாம் என்பதையும் காட்டும் படிவமாக நம் எல்லோருக்கும் தெரிந்த ஐ-94 அங்கே ஒரு ஃப்ரீவே. அதுவும் கடைசியில் போர்ட் ஹியூரனில் கனடா பாலத்தில்தான் போய் முடிகிறது.)

பத்து நிமிடம் தாண்டினாலும் வெளியேறியதுதான்

தெரியாமல் தாண்டியதோ, தெரிந்தே ஒருநாள் சுற்றப் போனதோ, காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். மாணவர் நிலையான எஃப்-1-லிருந்து வேலை நிலையான ஹெச்-1பி-க்கு நாட்டுக்குள்ளிருந்தே நிலை மாற்ற விண்ணப்பித்து, முடிவு வராமல் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியேறினால், அந்த நிலைமாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாகிவிடும். பெரிய இழப்பு இதுதான். ஏப்ரல் முதல் இலையுதிர் காலம் வரை சான் டியேகோ, டெட்ராய்ட், பஃபலோ பக்கம் இருக்கும் மாணவர்கள் இதை மறக்கவே கூடாது.

விசா முத்திரை காலாவதியாகி, ஐ-94 மட்டும் செல்லுபடியாக இருந்தால், கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாட்களுக்குள் போய்வர ‘தானியங்கி மறுசெல்லுபடி’ என்ற சலுகை உண்டு. கடவுச்சீட்டு, ஐ-94 அச்சு, எஃப்-1 என்றால் கல்லூரி தந்த, பயணக் கையெழுத்துள்ள ஐ-20 படிவம், ஹெச்-1பி என்றால் ஒப்புதல் அறிவிப்பான ஐ-797 எல்லாம் கையில் இருக்கவேண்டும். போன இடத்தில் புதிய விசாவுக்கு விண்ணப்பித்தால் சலுகை போய்விடும். இதில் நடக்கும் பிழை ஐ-94 விஷயத்தில். நாட்டுக்குள்ளேயே நிலை மாறியவர்களுக்கு வந்த ஐ-797ஏ-வின் அடிப்பகுதியில் ஒரு புதிய ஐ-94 இருக்கும். அரசு இணையதளத்தில் இறக்கினால் பழைய நுழைவின் ஐ-94 வரலாம். அந்தப் பழையதை மட்டும் அச்சிட்டுக்கொண்டு போய்விடாதீர்கள்.

இந்தச் சலுகை அமெரிக்காவுக்குள் திரும்ப மட்டுமே. அந்தப் பக்கம் நுழைய அந்த நாட்டின் விதி வேறு. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோ விசா தேவையில்லை. முத்திரை காலாவதியாகியிருந்தால் தேவை. கனடாவுக்கோ, அமெரிக்க விசா இருந்தாலும் இந்தியர்களும் இலங்கையர்களும் தனியாக விசா எடுக்கவேண்டும். கிரீன் கார்டு இருப்பவர்கள் கடவுச்சீட்டையும் கார்டையும் காட்டினால் போதும்.

நயாகரா: ஒரே பெயர், இரண்டு ஊர்

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் நயாகரா கட்டாயம். அங்கே முதல் தவறு ஹோட்டல் பதிவிலேயே நடக்கிறது. ஆற்றின் இரு கரையிலும் இருக்கும் ஊருக்கு நயாகரா ஃபால்ஸ் என்றே பெயர். ஒன்று நியூயார்க்கில், மற்றது கனடாவின் ஒன்டாரியோவில். ‘அருவியைப் பார்த்த அறை’ என்று போட்டிருக்கும் உயரமான ஹோட்டல்களில் பெரும்பாலானவை கனடாக் கரையில். பணம் கட்டுமுன் அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். ஐந்து எண்கள் என்றால் அமெரிக்கா. எழுத்தும் எண்ணும் மாறி மாறி ஆறு இடம் என்றால் கனடா. விசா இல்லாமல் ரெயின்போ பாலத்தில் ஏறிவிட்டால், அக்கரையில் திருப்பி அனுப்புவார்கள். திரும்பும்போது அமெரிக்க அதிகாரியிடம் மறுபடி நுழைவு கேட்கவேண்டும்.

ரயிலிலும் இந்தப் பொறி இருக்கிறது. ஆம்ட்ராக்கின் கேஸ்கேட்ஸ் ரயில் ஒரே பாதையில் இரண்டு வான்கூவர்களைத் தொடுகிறது: ஒன்று வாஷிங்டன் மாநிலத்தில், மற்றது கனடாவில். டிக்கெட்டில் மாநிலத்தின் பெயரைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அதே பக்கம் பாயின்ட் ராபர்ட்ஸ் என்று ஓர் ஊர் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் தரைவழியாகப் போக கனடாவுக்குள் நுழைந்து வெளியே வரவேண்டும். முகவரியில் அமெரிக்கா என்று இருப்பதை நம்பி வார இறுதிக்கு வீடு எடுத்துவிடாதீர்கள்.

பி-2 என்ற சுற்றுலா விசாவில் வந்த பெற்றோர் பற்றி ஒரு நம்பிக்கை பல வருடமாகச் சுற்றி வருகிறது: ஒருநாள் கனடா போய்வந்தால் இன்னொரு ஆறு மாதம் கிடைக்கும் என்று. கிடைக்காது. குறுகிய காலம் போய்வந்தால் வழக்கமாகப் பழைய ஐ-94 தேதியே தொடரும். அந்தத் தேதி தாண்டித் தங்கினால் விசாவே ரத்தாகிவிடும்.

எல்லையைத் தாண்டவே இல்லையே?

டெக்சாஸ் மாணவர்கள் சவுத் பாட்ரே தீவுக் கடற்கரைக்கும், அங்கிருந்து ராக்கெட் ஏவுதல் பார்க்கவும் போகிறார்கள். மெக்சிகோ பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் திரும்பி வடக்கே வரும்போது யு.எஸ்.77-இல் சரிட்டா அருகிலோ, யு.எஸ்.281-இல் ஃபால்ஃபுரியாஸ் அருகிலோ எல்லைக் காவலரின் செக்பாயின்ட்டில் எல்லா வண்டியும் நின்றுதான் ஆகவேண்டும். எல்லையிலிருந்து 100 மைல் வரை இப்படி நிறுத்தச் சட்டம் இடம் தருகிறது. லரேடோவுக்கு வடக்கே ஐ-35-இலும், எல் பாசோவுக்குக் கிழக்கே ஐ-10-இல் சியரா பிளாங்காவிலும், நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் வெண்மணலைப் பார்த்துவிட்டு லாஸ் க்ரூசெஸுக்குத் திரும்பும் யு.எஸ்.70-இலும் இதே ஏற்பாடு.

இங்கே டிரைவிங் லைசென்ஸ் போதாது. 18 வயது நிரம்பிய, குடிமகனல்லாத எவரும் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்கவேண்டும் என்பது பழைய சட்டம்தான். கடவுச்சீட்டின் அசல், ஐ-94 அச்சு, மாணவர் என்றால் ஐ-20, கிரீன் கார்டு என்றால் அசல் கார்டு, எல்லாம் டிக்கியில் இருக்கும் பெட்டியில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். போனில் இருக்கும் படம் உதவலாம், அசலுக்கு ஈடாகாது.

அதைவிட ஆபத்தானது ஒரு தலையசைப்பு. அதிகாரி குனிந்து ‘அமெரிக்கக் குடிமக்களா?’ என்று வேகமாகக் கேட்பார். பின் சீட்டில் அரைத்தூக்கத்தில் இருப்பவர் பதற்றத்தில் ‘யெஸ்’ என்று சொல்லிவிடுவார். குடிமகன் என்று பொய்யாகக் கூறினால் குடிவரவுச் சட்டத்தில் ஆயுள் முழுக்கத் தொடரும் தடை. வேலை விசாவோ கிரீன் கார்டோ பின்னால் கேட்கும்போது அது எழுந்து வரும். செக்பாயின்ட் பலகை தெரிந்ததும் பாட்டை நிறுத்தி, தூங்குபவர்களை எழுப்பி, ‘இல்லை, மாணவர் விசா’ என்று அவரவர் பதிலை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வது கேலிக்குரிய விஷயம் இல்லை.

துறைமுக நகரங்களில் கப்பல் ஏறுமுன்

சியாட்டிலில் ஏறி அலாஸ்கா பார்த்துவிட்டு சியாட்டிலிலேயே இறங்கும் கப்பல் பயணம் முழுக்க அமெரிக்காதானே என்று தோன்றும். வெளிநாட்டில் பதிவான கப்பல் நடுவில் வேறு நாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் இப்படிப் பயணிகளை ஏற்றி இறக்க 1886-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கும். அதற்குக் கனடா விசா வேண்டும். இல்லாவிட்டால் சியாட்டில் கப்பல்துறையிலேயே திருப்பிவிடுவார்கள், பணமும் போகும்.

மயாமியிலிருந்து பஹாமாஸ் போகும் மூன்று நாள் கப்பலில் வேறு கண்ணி. மேலே சொன்ன 30 நாள் சலுகை ஹெச்-1பி-க்குக் கனடா, மெக்சிகோ இரண்டுக்கு மட்டும். அருகிலுள்ள தீவுகளுக்கும் சேர்த்து அது கிடைப்பது எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்கே. முத்திரை காலாவதியான ஹெச்-1பி-க்காரர் லாங் பீச்சிலிருந்து மெக்சிகோவின் என்செனாடா போனால் ஒரு கணக்கு, மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவ் போனால் வேறு கணக்கு.

மாநிலக் கோடு பர்ஸில் விழும் இடம்

ஜெர்சி சிட்டியில் வீடு, மன்ஹாட்டனில் வேலை. பாத் ரயிலில் சில நிமிடம்தான், ஆனால் வருமான வரிக்கு இரண்டு மாநிலம். ஜனவரியில் அலுவலகம் தரும் சம்பளச் சான்றான டபிள்யூ-2-வில் 16-ஆம் கட்டத்தில் நியூயார்க்குக்கு ஒரு பதிவு, நியூஜெர்சிக்கு ஒரு பதிவு, இரண்டிலும் அதே சம்பளம் இருக்கும். சம்பளம் இரட்டித்துவிட்டது என்று பதறவேண்டாம். வரிக் கணக்கு மென்பொருளில் முதலில் வேலை செய்யும் மாநிலத்தின் படிவத்தை, அதாவது நியூயார்க்கின் ஐடி-203-ஐ முடியுங்கள். அதில் வரும் வரித் தொகையை வைத்துத்தான் நியூஜெர்சியில் கழிவு கேட்கவேண்டும். வரிசை மாறினால் கழிவு பூஜ்யமாக வந்து, இரண்டு இடத்திலும் முழு வரி கட்டச் சொல்லும். டபிள்யூ-2-வின் 17-ஆம் கட்டத்தில் உள்ள, சம்பளத்தில் பிடித்த வரித் தொகையை அப்படியே கழிவாகப் போடுவதும் பிழைதான். கணக்கில் வந்த வரி வேறு, பிடித்த தொகை வேறு.

நியூயார்க் நகரத்தின் தனி வருமான வரி அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். உங்கள் டபிள்யூ-2-வில் அது தவறாகப் பிடிக்கப்பட்டிருந்தால் ஐடி-203-இலேயே திரும்பக் கேட்கலாம். வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களை நியூஜெர்சிக் கணக்கில் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் வசதிக்காக வீட்டிலிருந்தால் அதையும் தன் வருமானமாகவே நியூயார்க் எடுத்துக்கொள்ளும். பிலடெல்பியாவில் வேலை என்றால் நிலைமை வேறு. நியூஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் பரஸ்பர ஒப்பந்தம் உண்டு. ரெவ்-419 படிவத்தை அலுவலகத்தில் கொடுத்தால் மாநில வரி பிடிக்கமாட்டார்கள். நகரத்தின் சம்பள வரி அந்த ஒப்பந்தத்தில் அடங்காது.

வாஷிங்டன் மாநிலத்தில் சம்பளத்துக்கு வரி இல்லை, ஆரிகனில் விற்பனை வரி இல்லை. வாஷிங்டனின் வான்கூவரில் குடியிருந்து ஆற்றுக்கு அக்கரையில் போர்ட்லாண்டில் கடைக்குப் போனால் இரண்டும் மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். வேலையும் போர்ட்லாண்டில் என்றால் அந்தச் சம்பளத்துக்கு ஆரிகன் வரி கட்டித்தான் ஆகவேண்டும். ஆரிகனில் வாங்கிய காரை வாஷிங்டனில் பதியும்போது பயன்பாட்டு வரியை வசூலித்துவிடுவார்கள். கான்சஸ் சிட்டி இரண்டு மாநிலத்தில் இருக்கிறது. மிசூரிப் பக்கத்து நகரம், அங்கே வேலை செய்பவர் எங்கே குடியிருந்தாலும் 1% வருவாய் வரி பிடிக்கும்.

கடிகாரம்

டெக்சாஸ் முழுக்க ஒரே நேரம் என்று எண்ணி எல் பாசோவில் ஒரு மணி நேரம் முன்பே போய் நிற்பவர்கள் உண்டு. அந்த ஊர் மலை நேர (மவுண்டன் டைம்) மண்டலம், டாலஸ் மத்திய நேர (சென்ட்ரல் டைம்) மண்டலம். அரிசோனாவில் கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதனால் யூமாவிலிருந்து ஆற்றைத் தாண்டி கலிபோர்னியாவுக்குள் போனால் கோடையில் அதே நேரம், குளிர்காலத்தில் ஒரு மணி குறைவு. அலபாமாவின் ஃபீனிக்ஸ் சிட்டி சட்டப்படி மத்திய நேரம். ஆனால் ஊர்க்காரர்கள் பாலத்துக்கு அப்பாலுள்ள ஜார்ஜியாவின் கொலம்பஸ் நேரத்தில் வாழ்கிறார்கள். போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். அந்தப் பக்கம் இரவு தங்கினால் அலாரம் வைக்குமுன் போனில் தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள். யாராவது ஒன்பது மணிக்கு வரச்சொன்னால் ‘வேக நேரமா (ஜார்ஜியா நேரம்), மெது நேரமா (அலபாமா நேரம்)?’ என்று கேளுங்கள். அங்கே அது சகஜமான கேள்வி.