ஆற்றில் இறங்காமலே அகலத்தை அளக்கலாம்

அரசலாற்றின் அகலம் எவ்வளவு இருக்கும் என்று கும்பகோணத்துப் பிள்ளைகள் சிலரிடம் கேட்டேன். ஒருவன் இருபது அடி என்றான், இன்னொருத்தி அரை கிலோமீட்டர் என்றாள். மீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றும் கணக்கில் இருவருமே தப்பு செய்யாதவர்கள். நீளம் நோட்டில் மட்டும் இருந்தால் போதாது, காலுக்கும் கண்ணுக்கும் பழக வேண்டும். அதற்கு ஆற்றங்கரையை விட நல்ல இடம் டெல்டாவில் இல்லை.

தேவையானவை: நான்கு குச்சி, ஒரு சணல் கயிறு, ஒரு டேப்.

1. உங்கள் தப்படி எவ்வளவு?
தரையில் 10 மீட்டர் குறித்துக்கொண்டு, வழக்கமான நடையில் மூன்று முறை நடந்து எண்ணுங்கள். 16 தப்படி வந்தால், ஒரு தப்படி 62.5 செ.மீ.

2. செங்கோணக் கயிறு
கயிற்றில் 13 முடிச்சுகள் போடுங்கள். நடுவில் 12 இடைவெளிகள் வரும். இடைவெளி சாணாக இருந்தாலும் முழமாக இருந்தாலும் சரி, எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். அதனால் ஒருவரே அளக்கட்டும், முழம் ஆளுக்கு ஆள் மாறும். முதல் முடிச்சையும் பதின்மூன்றாவதையும் ஒருவர் சேர்த்துப் பிடிக்க, நான்காவதை இன்னொருவரும் எட்டாவதை மூன்றாமவரும் பிடித்து இழுங்கள். பக்கங்கள் 3, 4, 5. நான்காவது முடிச்சில் செங்கோணம் கிடைக்கும். பிதாகரஸ் தேற்றம் இப்போது உங்கள் கையில் விறைப்பாக நிற்கிறது: 9 + 16 = 25.

3. குச்சி ஊன்றுதல்
கரை நேராக ஓடும் இடமாகப் பாருங்கள், வளைவு வேண்டாம். எதிர்க்கரையில் தண்ணீரை ஒட்டி நிற்கும் ஒரு மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு பக்கம் இந்தக் கரையோடும் மற்றது மரத்தை நோக்கியும் அமையும் வரை கரையிலேயே நகருங்கள். அமைந்த இடத்தில், தண்ணீர் ஓரத்தில் முதல் குச்சி.

அங்கிருந்து கரையோடு 20 மீட்டரில் இரண்டாவது குச்சி. அதே நேர்க்கோட்டில் இன்னும் 20 மீட்டரில் மூன்றாவது. அங்கே கயிற்றை வைத்துச் செங்கோணமாக, ஆற்றுக்கு எதிர்த் திசையில் நடங்கள். இரண்டாவது குச்சியும் மரமும் ஒரே கோட்டில் தெரிகிற இடத்தில் நின்று நான்காவதை ஊன்றுங்கள்.

மூன்றாவது குச்சிக்கும் நான்காவதுக்கும் உள்ள தூரம்தான் ஆற்றின் அகலம்.

ஏன் என்றால், இரண்டாவது குச்சியில் இரண்டு முக்கோணங்கள் சந்திக்கின்றன. அங்குள்ள குத்தெதிர்க் கோணங்கள் சமம், 20 மீட்டர் பக்கங்கள் சமம், இரண்டிலும் ஒரு செங்கோணம். கோ-ப-கோ (கோணம்-பக்கம்-கோணம்) விதிப்படி இரண்டும் சர்வசமம், அதாவது அளவிலும் வடிவிலும் ஒன்றே.

4. பின்னால் வயல் வந்துவிட்டால்?
நம் ஊரில் பெரும்பாலும் வரும். நடவு வயலை மிதிக்க வேண்டாம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 20க்குப் பதில் 10 மீட்டர் வையுங்கள். முக்கோணம் வடிவொத்ததாகி அளவு பாதியாகும். கடைசித் தூரம் 18 மீட்டர் என்றால் அகலம் 36 மீட்டர்.

கரைச் சரிவில் டேப்பைத் தரையோடு படுக்கவிடாமல் மட்டமாகப் பிடியுங்கள். சரிவோடு அளந்தால் நீளம் கூடிவிடும்.

5. சரிபார்ப்பு
மேட்டூரில் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன், ஆறு மணலாகக் கிடக்கும் கோடையில் இதைச் செய்து, பிறகு மணலில் இறங்கி டேப்பால் நேராக அளந்து பாருங்கள். வித்தியாசம் எவ்வளவு, எந்தக் குச்சியில் தவறினீர்கள் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். தண்ணீர் வந்த பின் பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் கரை ஓரம் போகக் கூடாது.

அப்புறம் ஒரு வீட்டுக் கணக்கு: கல்லணையின் நீளம் 329 மீட்டர். உங்கள் தப்படியில் எத்தனை?