"ஏவாள்தானே ஆரம்பிச்சா" என்று சொல்வதற்கு முன்னால்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேதபாடம் நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள், பாதிப் பேர் ஆபீஸ் பையோடு நேராக வருகிறவர்கள், மிச்சம் தங்கவயலிலிருந்து வந்து இங்கே குடியேறின குடும்பங்கள். போன மாதம் ஆதியாகமம் 3, அதாவது நன்மை தீமை அறியத்தக்க மரத்தின் கனியைப் புசிக்கவேண்டாம் என்ற தேவனுடைய கட்டளையை, சர்ப்பத்தின் பேச்சைக் கேட்டு, முதல் மனிதர்களான ஆதாமும் ஏவாளும் மீறுகிற அதிகாரம். ஒரு தம்பி கேட்டார்: "நன்மை தீமையே தெரியாதவங்கள, கீழ்ப்படியலன்னு எப்படிக்கா குத்தம் சொல்றது?" உடனே ஒரு பெரியவர், "ஏவாள்தானே ஆரம்பிச்சா, முதல்ல அதப் பாரு" என்றார். அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்து பைபிளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். தம்பியின் கேள்வியும் அத்தோடு போயிற்று.

இப்படி வாதம் கெட்டுப்போவதை நிறைய தடவை பார்த்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தவறு, அதிகாரத்தைத் திறக்காமலே பேசுவது. ஆப்பிள் என்று அங்கே எங்கும் இல்லை, கனி என்றுதான் இருக்கிறது. சர்ப்பத்தைச் சாத்தான் என்று ஆதியாகமம் சொல்லவில்லை, அந்த அடையாளம் வெளிப்படுத்தின விசேஷம் 12:9-இல் வருகிறது. "பாவம்" என்ற சொல்கூட 3-ஆம் அதிகாரத்தில் கிடையாது. முதல்முதலாக 4:7-இல், காயீனிடம் பேசும்போதுதான் வருகிறது. சாபம் என்ற வார்த்தை விழுவது சர்ப்பத்தின் மேலும் பூமியின் மேலும். ஆதாமையோ ஏவாளையோ பார்த்து "நீ சபிக்கப்பட்டாய்" என்று கர்த்தர் சொல்லவில்லை. இவ்வளவும் படித்த பிறகும் நீங்கள் பழைய முடிவுக்கே வரலாம், சரி, ஆனால் படித்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது ஏவாள். இங்கேதான் எனக்கு ரொம்ப மனவருத்தம். "புசிக்கவேண்டாம்" என்ற கட்டளை 2:16-17-இல் ஆதாமுக்குக் கொடுக்கப்படுகிறது, அப்போது ஏவாள் உண்டாக்கப்படவே இல்லை, அவள் வருவது 2:22-இல். அவள் சர்ப்பத்துக்குப் பதில் சொல்லும்போது "தொடவும் வேண்டாம்" என்று ஒன்று கூடுதலாக இருக்கிறது. அதைச் சேர்த்தது அவளா, அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆதாமா? வேதம் சொல்லவில்லை. இன்னொன்று, நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் 3:6 "தன் புருஷனுக்கும் கொடுத்தாள்" என்று போகிறது. மூலமொழியான எபிரேயத்தில் "தன்னோடிருந்த" என்று ஒரு சொல் அங்கே இருக்கிறது. அந்த ஒரு சொல்லை வைத்துப் படித்துப் பாருங்கள், கட்டளையை நேரில் கேட்டவன் பக்கத்திலேயே நின்றிருக்கிறான், வாய் திறக்கவில்லை.

விசாரணை வந்ததும் அவன் சொல்வது: "என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள்..." ஒரே வாக்கியத்தில் பழியை அவள்மேலும் போட்டு, அவளைத் தந்தவர்மேலும் போட்டாயிற்று. கீழ்ப்படியாமைக்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் நடக்கிற முதல் சண்டை யார்மேல் குற்றம் என்பதுதான். நாம் வாதத்தில் ஏவாளை முன்னால் தள்ளும்போது ஆதாமின் பதிலைத்தான் திரும்பச் சொல்கிறோம்.

"துணைக்குத்தானே உண்டாக்கப்பட்டவள்" என்று சிலர் சொல்வார்கள், வேலைக்கு ஆள் வைத்த மாதிரி. அந்த "துணை"க்கு எபிரேயத்தில் எசேர். சங்கீதம் 121-இல் "எனக்கு ஒத்தாசை வரும்" என்று வருகிறதே, அந்த ஒத்தாசையும் எசேர்தான், அங்கே அது கர்த்தரிடமிருந்து வருவது. எங்கள் அம்மா ஊருக்குப் பஸ் ஏறும் முன்னால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சங்கீதத்தைத்தான் சொல்வார்.

மூன்றாவது, 3:16-இல் வரும் "அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்" என்பதைக் கட்டளையாக எடுத்துக்கொள்வது. அதே பேச்சில்தான் முள்ளும் குருக்கும் முளைக்கும் என்றும் வருகிறது. அதற்காகக் களை பிடுங்குவது கீழ்ப்படியாமை என்று எந்த விவசாயியிடமும் யாரும் சொன்னதில்லை. பெண்ணுக்கு மட்டும் வேறு கணக்கு. அதே 3:16-இல் "வேதனையோடே பிள்ளை பெறுவாய்" என்றும் இருக்கிறது. 1847-இல் எடின்பரோவில் டாக்டர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவ வலிக்கு குளோரோஃபார்ம் கொடுக்கத் தொடங்கியபோது, மத ரீதியான ஆட்சேபணைகளுக்கு அவர் தனியாக ஒரு சிறு புத்தகமே எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஏவாளுக்குச் சொன்ன "வேதனை"யும் ஆதாமுக்குச் சொன்ன "வருத்த"மும் எபிரேயத்தில் ஒரே சொல், தமிழில் இரண்டாகிவிட்டது.

எல்லாரும் கிறிஸ்தவப் பிஷப் அகஸ்தீன் மாதிரிதான் படிக்கிறார்கள் என்று நினைப்பதும் தவறு. ஆதாமின் குற்றம் பிறவியிலேயே நம்மேல் வருகிறது என்ற போதனையை விரித்து எழுதியவர் அவர், காலம் 354 முதல் 430 வரை. யூதர்கள் இதே அதிகாரத்தை அப்படிப் படிப்பதில்லை. குர்ஆனில் இருவரும் சேர்ந்தே தவறி, சேர்ந்தே மன்னிப்புக் கேட்கிறார்கள்.

அப்புறம் அந்தத் தம்பியின் கேள்வி. "தேவனையே கேள்வி கேட்கிறாயா" என்று அடக்கிவிடுவதும், மறுபக்கத்தில் "மரத்தை வெச்சவர்மேலதான் தப்பு" என்று ஒரு வரியில் முடித்துவிடுவதும் ஒன்றுதான், இரண்டு பேருமே கேள்விக்குள் இறங்குவதில்லை. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் நேராகவே கேட்டான், அதற்காக அவன் தண்டிக்கப்படவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடஸ் கிட்டத்தட்ட இதே சிக்கலை எடுத்துக்கொண்டார்: கீழ்ப்படியாததற்குக் கூலியாக அறிவு கிடைத்ததா? மெய் பொய்யைப் பிரிக்கும் புத்தி ஆதாமுக்கு முன்பே இருந்தது, கட்டளையைப் புரிந்துகொள்ள அது போதும், பிறகு வந்தது நல்லது கெட்டது என்ற வேறொரு அளவுகோல் என்பது அவர் பதில். ஆதித் திருச்சபையின் பிஷப் இரேனியுஸ் அவருக்கும் ஆயிரம் வருஷம் முந்தியவர். ஆதாமும் ஏவாளும் இன்னும் வளராத பிள்ளைகள் என்றார். எனக்கு இரேனியுஸ்தான் மனதுக்கு நெருக்கம், ஏனென்றால் தோட்டத்தைவிட்டு அனுப்புவதற்கு முன்னால் கர்த்தர் தாமே தோல் உடை செய்து அவர்களுக்கு உடுத்திவிடுகிறார், அந்த வசனத்தை வாதத்தில் யாருமே எடுப்பதில்லை.

அந்தத் தம்பி இரண்டு வாரமாக வரவில்லை. இந்த வெள்ளிக்கிழமை அவர் கேள்வியைத்தான் முதலில் எடுக்கிறோம் என்று மெசேஜ் போட்டிருக்கிறேன்.