டாம்கேட் திணறுகிறதா? மேக்ஸ்த்ரெட்ஸை ஏற்றும் முன் இதைப் பாருங்கள்

கூட்டம் கூடியதும், டாம்கேட்டில் (ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் வெப் சர்வர்) ஓடும் அப்ளிகேஷன் சுற்றிக்கொண்டே நிற்கிறது. சிபியுவோ சும்மா கிடக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் ஓடி, மறுபடி படுத்துவிடுகிறது. மூன்றும் சேர்ந்து வந்தால் த்ரெட்டுகள் (ரிக்வெஸ்ட்டுகளைக் கவனிக்கும் வேலையாட்கள்) எங்கோ மாட்டிக்கொண்டிருக்கின்றன என்று சந்தேகப்படலாம்.

படி 1: வரம்புகளைப் பாருங்கள்

சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் கனெக்டர் பகுதியைத் திறங்கள். எதுவும் குறிப்பிடாவிட்டால் டாம்கேட் 9-இல் மேக்ஸ்த்ரெட்ஸ் (த்ரெட்டுகளின் உச்ச எண்ணிக்கை) 200, மேக்ஸ்கனெக்ஷன்ஸ் (உள்ளே விடப்படும் இணைப்புகள்) 8192, அக்செப்ட்கவுண்ட் (அதற்கும் மேல் வாசலில் வரிசையில் நிற்பவை) 100. அதாவது ஒரே நேரத்தில் வேலை நடப்பது 200 ரிக்வெஸ்ட்டுக்குத்தான். மற்றவை உள்ளே வந்து காத்திருக்கும்.

ஒரு ரிக்வெஸ்ட் அரை நொடியில் முடிந்தால் நொடிக்கு 400 முடியும். அதுவே 5 நொடி இழுத்தால் வெறும் 40. வரம்பை யாரும் தொடவில்லை, ஆனாலும் சர்வர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது!

படி 2: த்ரெட் டம்ப் எடுங்கள்

ஒவ்வொரு த்ரெட்டும் அந்தக் கணத்தில் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்தான் த்ரெட் டம்ப். திணறும் நேரத்திலேயே எடுக்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்தபின் எடுத்துப் பயனில்லை. ஜேஸ்டாக் கட்டளையோடு ப்ராசஸ் எண்ணைக் கொடுத்து, 10 நொடி இடைவெளியில் மூன்று முறை எடுங்கள். பெயரில் 'எக்ஸெக்' என்று வரும் த்ரெட்டுகளை மட்டும் பாருங்கள்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். 'வெயிட்டிங்' என்றிருப்பதெல்லாம் கோளாறு அல்ல. அடுக்கில் (த்ரெட்டின் பெயருக்குக் கீழே வரும் வரிகள்) 'டாஸ்க்க்யூ' தெரிந்தால் அந்த த்ரெட் வேலையில்லாமல் ஓய்வாக இருக்கிறது. மாறாக, வெளி சர்வரின் பதிலுக்காக சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பில்) தொங்கும் த்ரெட் 'ரன்னபிள்' என்றே காட்டக்கூடும். நிலையை நம்பாதீர்கள், அடுக்கைப் படியுங்கள். மூன்று டம்பிலும் ஒரே வரியில் நிற்பவைதான் குற்றவாளிகள்.

படி 3: எதற்காகக் காத்திருக்கிறது?

பெரும்பாலும் 'கெட்கனெக்ஷன்' என்ற வரி, அதாவது டேட்டாபேஸ் கனெக்ஷன் கேட்கும் வரி, கண்ணில் படும். டேட்டாபேஸ் கனெக்ஷன்களைச் சேர்த்துவைத்துப் பகிரும் ஹிகாரி பூலின் இயல்பு அளவு 10. எல்லா ரிக்வெஸ்ட்டும் டேட்டாபேஸைத் தொட்டால் 200 பேரில் 190 பேர் வரிசையில். 30 நொடி பார்த்துவிட்டு எரர். நானும் ஒருமுறை மேக்ஸ்த்ரெட்ஸை 800 ஆக்கினேன். வரிசை நீண்டதுதான் மிச்சம்.

முதலில் மெதுவான க்வெரியைச் சரிசெய்யுங்கள். வாங்கிய கனெக்ஷனைத் திருப்பித் தராத ப்ரோகிராம் பகுதி இருக்கிறதா என்று ஹிகாரியின் லீக்டிடெக்ஷன்த்ரெஷோல்டு அமைப்பை இயக்கினால் காட்டிக்கொடுக்கும். சாக்கெட்டில் தொங்கினால் அந்த அழைப்புக்கு ரீட் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் உச்ச நேரம்) வையுங்கள். வெளி சர்வரை அழைக்க உதவும் ஜாவாவின் ஹெச்டிடிபியூஆர்எல்கனெக்ஷனில் இதன் இயல்பு மதிப்பு 0, அதாவது முடிவில்லாத காத்திருப்பு.

படி 4: அதன்பிறகும் போதவில்லையா?

டேட்டாபேஸுக்கும் மெமரிக்கும் இடமிருந்தால் மேக்ஸ்த்ரெட்ஸை 200-இலிருந்து 250, 300 என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் லோட் டெஸ்ட் ஓட்டி, இன்னொரு டம்ப் எடுத்துப் பாருங்கள்.