தோற்ற ராணியின் கதையை எழுதத் தொடங்குவது எப்படி?

படி 1: ஜெயித்தவரை விடுங்கள். ‘நெல்வேலி வென்ற நின்றசீர் நெடுமாறன்’ என்று சுந்தரர் பாடிய 7ஆம் நூற்றாண்டுப் பாண்டியன், சமணத்திலிருந்து சைவத்துக்கு வந்தவன். சம்பந்தரை மதுரைக்கு அழைத்தவர் சோழன் மகளான அவன் அரசி மங்கையர்க்கரசி. அவர் நாயன்மார் வரிசையிலேயே இருக்கிறார். அவரிடம் சோகக் கதை இல்லை. ஆனால் அந்தப்புரத்தில் ஒருத்திதானா இருந்திருப்பாள்? இன்னொருத்தியைக் கற்பனை செய்யுங்கள். பொருநைக் கரைச் சிற்றரசன் மகள். அவள் அண்ணன் நெல்வேலிப் போரில் இதே அரசனுக்காகச் செத்தவன். புருஷன் நேற்றுவரை கும்பிட்டதை இன்றும் கும்பிடுகிறாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான்.

படி 2: கழுகுமலை ஏறுங்கள். கோவில்பட்டியிலிருந்து பஸ் உண்டு. பாறையைக் குடைந்த வெட்டுவான் கோவிலைப் பார்த்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். அதே மலையில் வரிசை வரிசையாகச் சமண ஞானிகளான தீர்த்தங்கரர்கள், வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் கல்வெட்டுகள், குரத்தியார் என்ற பெண் துறவிகளின் பெயர்கள். சிங்கத்தோடு சமணரின் காவல் தெய்வமான அம்பிகை இயக்கி நிற்பாள். துறவிக்குச் சோறு போட்டதற்காகப் புருஷன் விரட்டிவிட, பிள்ளைகளோடு வீட்டைவிட்டுப் போனவள் என்பது சமணர் கதை. நம்மூர் இசக்கி அம்மன் பெயரே இயக்கியிலிருந்து வந்தது என்பார்கள். அவள் முன்னால் அரை மணி நேரம் உட்காருங்கள்.

ஆனால் உங்கள் ராணியை அங்கே உட்கார வைக்காதீர்கள்! அந்தச் சிற்பங்கள் நெடுமாறனுக்கு நூறு வருஷம் பிந்தியவை. சம்பந்தரிடம் வாதில் தோற்ற சமணர் மதுரையில் கழுவேறினார்கள் என்பது சைவர் கதை. அந்தக் கழுவேற்றத்துக்குப் பிறகு சமணர் அற்றுப்போனார்கள் என்று எழுதவும் முடியாதபடி அந்தப் பாறை தடுக்கிறது.

படி 3: சமையல்கட்டைச் சோதியுங்கள். என் முதல் கதையில் ராணி மிளகாய் வத்தல் கடித்தாள். மிளகாய் போர்ச்சுகீசியரோடு வந்தது என்று பெரியம்மா சிரித்தாள். மிளகு போதும். அல்வாவும் வேண்டாம்.

படி 4: கழுமரத்தைக் காட்டாதீர்கள். கழுவேறியவர்கள் எண்ணாயிரம் பேர் என்பது 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொன்ன கணக்கு, ஐந்நூறு வருஷம் கழித்து. அந்தக் காட்சியை எழுதக் கை துறுதுறுக்கும். எழுதினால் ஒரு பக்கம் அரக்கராகிவிடும், ராணி காணாமல் போவாள். சேதி சமையல்கட்டுக்கு வந்து சேரட்டும். நெல் குத்துகிறவள் உலக்கையை நிறுத்தட்டும்.

படி 5: முதல் காட்சி. அந்தச் சேதி வருவதற்கு முந்தைய இரவு. குரத்தி அம்பிகை கதையைச் சொல்கிறாள். ராணி ஒன்றே ஒன்று கேட்கிறாள்: “பிள்ளைகள் என்ன ஆனார்கள், அம்மா?”

இங்கிருந்து எழுதுங்கள்.